எட்வர்டு இர்விங்: வாழ்வும் வழக்கும்

முன்னுரை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். வென்றவர் வரலாற்றை எழுதுவது எளிது, படிப்பதற்கும் இனிது. ஆயினும் தோற்றவர் ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம். தம் சொந்த ஊரிலேயே, தமக்குக் குருத்துவம் அளித்த மன்றத்தாலேயே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பெற்று, 42-ஆம் வயதில் மறைந்தவர் அவர். ஸ்காட்லாந்து நாட்டவர், பெயர் எட்வர்டு இர்விங்.

அவர்மீது சாட்டப்பெற்ற குற்றம் திருட்டன்று, பொய்யன்று, ஒழுக்கக் கேடுமன்று. இயேசு கிறிஸ்து எத்தகைய உடலை எடுத்துக்கொண்டு இவ்வுலகில் பிறந்தார் என்னும் கேள்விக்கு அவர் அளித்த விடையே அவருடைய குற்றமாயிற்று. கிறிஸ்து பாவமற்றவர் என்பதும், மனிதகுலத்தின் பாவத்தை அவர் சுமந்தார் என்பதும் கிறிஸ்தவ சமயத்தின் இரு தூண்கள். பாவமே இல்லாத ஒருவர் பிறர் பாவத்தைச் சுமப்பது எங்ஙனம்? தம்மேல் படாமல் சுமந்தாரா? தமக்குள் ஏற்றுச் சுமந்தாரா? இக்கேள்வி திருச்சபைக்குப் பழையது. இர்விங்கின் வாழ்வில் அது நீதிமன்ற வழக்காகவே மாறி அவரை வீழ்த்தியது.

நம் சங்கத்தில் பல சமயத்தவரும் உளர். எச்சமயமும் சாராதவரும் உளர். இது கிறிஸ்தவர்க்கு மட்டுமே உரிய செய்தி என எவரும் கருதவேண்டா. உடல் எதனால் தூய்மையாகிறது, எதனால் மாசடைகிறது என்னும் கேள்வி நம் மக்களுக்குப் புதியதன்று. தலைமுறை தலைமுறையாக அக்கேள்வியின் சுமையை முதுகில் தாங்கியவர்கள் நாம். அக்கேள்வியை வேறொரு நாட்டில், வேறொரு நோக்கில் எழுப்பிய ஒருவரை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று.

தோல் பதனிடுபவர் மகன்

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், கடற்கழியை ஒட்டி அமைந்த சிற்றூர் அன்னான். அங்கே 1792-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இர்விங் பிறந்தார். தந்தையார் கேவின் இர்விங். தாயார் மேரி லோதர். தந்தையாரின் தொழில் தோல் பதனிடுதல்.

இவ்வொரு வரியைப் படித்ததும் நம் இளைஞர்களின் மனம் சற்று நிற்கும் என்பதை நாம் அறிவோம். அன்னானில் தோல் பதனிட்டதற்காகக் கேவின் இர்விங்கை எவரும் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை. கோயிலுக்குள் வராதே என்று தடுக்கவில்லை. அவருடைய மகன் பள்ளியில் தனியே உட்காரவைக்கப்படவில்லை. தொழில் அங்கே தொழிலாகவே இருந்தது. பிறவியின் மேல் குத்தப்பட்ட முத்திரையாக இருக்கவில்லை. இழிவு தோலில் இல்லை, அதைத் தொட்ட கையிலும் இல்லை, பார்ப்பவர் கண்ணில்தான் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சிறுவன் இர்விங் உயரமும் உடல் வலிமையும் உடையவனாக வளர்ந்தான். நீந்துவதிலும் நெடுந்தொலைவு நடப்பதிலும் விருப்பம் மிகுந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெரியவர்கள் சிலருடன் ஏறத்தாழ 6 மைல் நடந்து எக்கில்பெக்கன் என்னும் ஊருக்குச் சென்று, அங்கே கூடிய எளியோர் சபையில் அமர்ந்து அருளுரை கேட்பான். அதே எக்கில்பெக்கனில் 1795-ஆம் ஆண்டு ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவரே பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராக விளங்கிய தாமஸ் கார்லைல். தோல் பதனிடுபவரின் மகனும் கொத்தனாரின் மகனும் பின்னாளில் இணைபிரியா நண்பர்களாயினர்.

13-ஆம் வயதில் இர்விங் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்நாளில் அங்கே இளவயதில் சேர்வது வழக்கந்தான். 1809-இல் முதுகலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 17 கூட நிரம்பவில்லை.

ஆசிரியப் பணி

பட்டம் பெற்றவர் அடைந்த முதற்பணி ஆசிரியப் பணியே. 1810-இல் ஹாடிங்டன் என்னும் ஊரிலும், 1812 முதல் கர்க்கால்டி என்னும் கடலோர ஊரிலும் அவர் பள்ளி நடத்தினார். கணக்கில் வல்லவர். மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று நிலம் அளக்கக் கற்பித்தார். இரவில் விண்மீன்களைக் காட்டினார். ஹாடிங்டனில் மருத்துவர் ஒருவரின் மகளாகிய ஜேன் வெல்ஷ் என்னும் சிறுமிக்கு இலத்தீன் மொழி கற்பித்தார். பெண்களுக்கு இலத்தீன் எதற்கு என்று பலரும் கேட்ட காலம் அது. அச்சிறுமியே பின்னாளில் கார்லைலின் மனைவியாகி, சிறந்த கடிதங்கள் எழுதியவர் என ஆங்கில இலக்கியத்தில் இடம்பெற்றார்.

ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். கர்க்கால்டியில் இர்விங் கடுமையாகப் பிரம்பு வீசும் ஆசிரியர் எனப் பெயரெடுத்தார். ஆசிரியத் தொழிலில் நரை கண்ட நமக்கு அது வருத்தம் தரும் செய்தியே. பிற்காலத்தில் மனிதனின் பலவீனத்தின்மேல் அத்துணை இரக்கம் காட்டியவர், இளமையில் சிறுவர்களின் பலவீனத்தைப் பொறுக்கவில்லை. மனிதர் வளர்கின்றனர் என்று கொள்வோமாக.

1815-இல் அருளுரை ஆற்றும் உரிமம் பெற்றார். ஆயினும் நான்கு ஆண்டுகளாக எந்தச் சபையும் அவரை அழைக்கவில்லை. அவருடைய நீண்ட வாக்கியங்களும் பழங்கால நடையும் கர்க்கால்டி மக்களுக்குப் பிடிக்கவில்லை. 1818-இல் பள்ளியை விட்டு எடின்பரோவுக்குச் சென்றார். அயல்நாட்டுக்குத் தனியே சென்று ஊழியம் செய்யலாமா என்று கூட எண்ணத் தொடங்கினார்.

நெசவாளர் தெருக்களில்

அச்சமயத்தில் ஸ்காட்லாந்தின் புகழ்மிக்க போதகர் தாமஸ் சால்மர்ஸ் அவருடைய அருளுரை ஒன்றைக் கேட்டு, 1819-இல் அவரைக் கிளாஸ்கோ நகரில் தமக்குத் துணைப் போதகராக அமர்த்தினார். புனித யோவான் பங்கு எனப்பட்ட அப்பகுதியில் சுமார் 10,000 மக்கள் வாழ்ந்தனர். பெரும்பாலோர் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும். நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்தபின் தொழில் நலிந்து, கூலி சரிந்து, தறிகள் ஓய்ந்திருந்த காலம். 1820 ஏப்ரலில் தொழிலாளரின் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டதும் அந்நகரை ஒட்டியே.

அத்தெருக்களில் இர்விங் வீடு வீடாக நடந்தார். ஆறடிக்கு மேல் உயர்ந்த அம்மனிதர் தாழ்ந்த வாசல்களில் குனிந்து நுழைந்து, முதற்கண் அவ்வீட்டுக்குச் சமாதானம் கூறி, குழந்தைகளின் தலைமேல் கைவைத்து ஆசி வழங்குவார். பசித்தவர் அடுப்பருகே அமர்ந்து, அவர்கள் தருவதை உண்பார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகை கைக்கு வந்தபோது, அதனை ஒரு பவுண்டு நோட்டுகளாக மாற்றி மேசைக்குள் வைத்து, நாள்தோறும் ஒன்றாக எடுத்துச் சென்று, தீரும் வரை ஏழைகளுக்கு வழங்கினார்.

சால்மர்ஸ் பேரறிஞர். மக்கள் அவரை வியந்தனர், இர்விங்கை நேசித்தனர். துன்புறுவோரை வாசலுக்கு வெளியே நின்று தேற்ற முடியாது, உள்ளே சென்று அருகில் அமரவேண்டும் என்பதை இம்மூன்று ஆண்டுகளில் அவர் கண்ணாரக் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய இறையியலின் வேர் இத்தெருக்களில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

இலண்டனில் புகழ்

1822-இல் இலண்டன் ஹாட்டன் கார்டன் பகுதியிலிருந்த ஸ்காட்லாந்தினர் சிற்றாலயம் அவரை அழைத்தது. அழைத்த சபையில் இருந்தவர் சுமார் 50 பேரே. அன்னான் வட்டாரப் போதகர் மன்றம் அவருக்குக் குருத்துவம் அளித்து அனுப்பியது.

ஓராண்டுக்குள் அவர் பெயர் இலண்டன் முழுவதும் பரவியது. தந்தையை இழந்த குழந்தைகளுக்காக அவர் இறைவனிடம் வேண்டிய ஒரு வேண்டுதலைக் கேட்டு நெகிழ்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதனை அமைச்சர் ஜார்ஜ் கேனிங்கிடம் கூறினார். கேனிங் தாமே சென்று கேட்டுவிட்டு, மக்களவையில் இர்விங்கின் சொல்வன்மையைப் புகழ்ந்தார். அதன்பின் பிரபுக்களின் வண்டிகள் தெருவை அடைத்தன. அனுமதிச் சீட்டு இன்றி ஆலயத்தில் நுழைய முடியாத நிலை வந்தது. கவிஞர் கோல்ரிட்ஜ் அவருடைய நண்பரானார். 1823-இல் தமக்கு நெடுநாள் முன்பே நிச்சயிக்கப்பட்டிருந்த, கர்க்கால்டிப் போதகரின் மகளான இசபெல்லா மார்ட்டினை மணந்தார்.

1824-இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச அழைத்தனர். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அவர் பேசினார். மிஷனரிகள் சம்பளத்தையும் சங்கத்தையும் நம்பாமல், முதல் சீடர்களைப் போலப் பணப்பையின்றிப் போகவேண்டும் என்றார். நிதி திரட்டக் கூடிய கூட்டத்தில் அப்பேச்சு எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமக்குச் சரியெனப் பட்டதை இடம் பொருள் பாராமல் கூறிவிடும் இக்குணமே அவருடைய பெருமை. அதுவே அவருடைய வீழ்ச்சிக்கும் காரணம்.

1825-இல் அவருடைய தலைமகன் ஓராண்டு சில மாதங்களே வாழ்ந்து மறைந்தான். பின்னும் பல குழந்தைகளை அவர் சிறு வயதிலேயே புதைக்க நேர்ந்தது. நலிந்து இறக்கும் உடல் என்பது அவருக்கு ஏட்டில் படித்த பொருளன்று. 1827-இல் ரீஜண்ட் சதுக்கத்தில் அவருக்காகப் பேராலயம் ஒன்று எழுந்தது. அதே ஆண்டின் இறுதியிலேயே வழக்கின் வித்தும் விழுந்தது.

வழக்கின் பொருள்

ஹென்றி கோல் என்னும் குரு ஒருவர் இர்விங்கின் அருளுரையின் ஒரு பகுதியைக் கேட்டார். கிறிஸ்துவின் உடல் பாவத்தில் வீழ்ந்த மனித இயல்பையே உடையது என்று இர்விங் கூறியதாக அவர் உணர்ந்தார். ஆலயத்தின் பின்னறையில் இர்விங்கையே சந்தித்துக் கேட்டார். இர்விங் மறுக்கவில்லை, விளக்கினார். கோல் அதனை அச்சிட்டுக் குற்றச்சாட்டாக வெளியிட்டார். 1828-இலும் 1830-இலும் இர்விங் தம் கருத்தை நூல்களாகவே எழுதினார். இரு தரப்பாரும் கூறியவற்றை நாம் நடுநிலையில் நின்று காண்போம்.

அந்நாளைய ஸ்காட்லாந்து இறையியலார் பெரும்பாலோர் கூறியது இது. பாவம் என்பது இறைநீதியின் முன் ஒரு கடன். அக்கடனைத் தீர்க்கக் கிறிஸ்து பிணையாளியாக வந்தார். நம் பாவம் அவர் கணக்கில் எழுதப்பட்டது. அவருடைய நீதி நம் கணக்கில் எழுதப்பட்டது. பிறர் கடனைத் தீர்ப்பவருக்குச் சொந்தக் கடன் இருத்தல் கூடாது. பலியிடும் ஆட்டுக்குட்டி பழுதற்றதாக இருக்கவேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் விதி. ஆதலின் அவர் எடுத்த மனித இயல்பு, வீழ்ச்சிக்கு முன் ஆதாம் பெற்றிருந்த இயல்பைப் போல முழுத் தூய்மையானது.

இர்விங் இதனை ஏற்கவில்லை. மீட்பை வணிகரின் பற்று வரவுக் கணக்காக ஆக்கிவிட்டீர்கள் என்று அவர் கடிந்துகொண்டார். அவர் வாதத்தை நாம் இவ்வாறு தொகுத்துக் கூறலாம். மரியாளிடம் இருந்தது நம் அனைவரிடமும் உள்ள உடலே. அவளிடமிருந்து மகன் பெற்றதும் அவ்வுடலே. வேறு உடல் அங்கே இருக்கவில்லை. பசி, களைப்பு, சோதனை, சாவு ஆகிய அனைத்துக்கும் ஆட்பட்ட, தீமையின் இழுப்பை உணரக்கூடிய உடல் அது. ஆனால் பிறந்தது முதல் இறந்தது வரை ஒரு கணமும் அவர் அந்த இழுப்புக்கு இணங்கவில்லை. நமக்கு அருளப்படும் அதே பரிசுத்த ஆவியின் ஆற்றலால் அவ்வுடலை அவர் தூயதாகக் காத்தார். பாவமின்மை அவர் உடலின் தனிப்பட்ட பொருளால் வந்ததன்று. நாள்தோறும் வென்ற வெற்றியால் வந்தது. கணக்கில் எழுதிக்கொள்ளாமல், பாவம் குடிகொண்ட இடத்துக்கே இறங்கி அதை அங்கேயே தோற்கடித்தார். அதுவே சுமந்தார் என்பதன் பொருள். சோதனையே எட்டாத உடலை அவர் எடுத்திருந்தால், அவர் சோதிக்கப்பட்டது நாடகமாகிவிடும். நமக்கு அது எவ்வகையில் ஆறுதல்?

இது புதுக்கருத்தன்று என்றும் இர்விங் வாதிட்டார். நான்காம் நூற்றாண்டில் அப்பொலினாரியு என்பவர், கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித அறிவு இல்லை என்று போதித்தார். நசியான்சு நகரத்துக் கிரகோரி அதனை மறுத்து, மீட்பர் எதைத் தமதாக்கிக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்னும் கருத்தை நிலைநாட்டினார். கி.பி. 451-இல் கல்செதோன் பொதுச்சங்கம், பாவம் நீங்கலாக எல்லாவற்றிலும் அவர் நம்மைப் போன்றவர் என முடிவு செய்தது. பாவம் நீங்கலாக என்பதற்கு என்ன பொருள் என்பதே இப்போது வழக்காயிற்று. பாவச் செயல் நீங்கலாகவா? பாவத்தின்பால் சாயும் இயல்பும் நீங்கலாகவா?

எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்று எண்ணவேண்டா. பெல்போர்டு ஊர்ப் போதகர் மார்க்கஸ் டாட்ஸ் போன்றோர் ஆழ்ந்த புலமை உடையவர்கள். அவர்கள் எழுப்பிய வினா வலியது. இயல்பு பாவமுள்ளதாயின் அதனை உடையவரும் பாவி ஆவார். பாவியானால் அவருக்கே ஒரு மீட்பர் வேண்டும். பிறரை அவர் மீட்பது எங்ஙனம்? பாவம் என்பது ஆளின் செயல், உடலின் பொருளன்று. அந்த ஆள் இறைமகனே ஆதலின் அவரிடம் பாவம் இல்லை என்று இர்விங் விடையிறுத்தார். ஆயினும் அவர் சொற்களை அளந்து பேசியவர் அல்லர். பாவ மாம்சம் என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் உரத்துக் கூறினார். கேட்டவர் காதில் பாவமுள்ள கிறிஸ்து என்றே அது விழுந்தது. சொல் நழுவினால் பொருள் நழுவும் என்பதற்கு இவ்வழக்கு ஒரு பாடம்.

எளிய உவமையால் இதனைக் கூற முயல்வோம். கிணற்றில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டான். மேலே நின்று கயிறு எறிந்தால் போதாது, பிள்ளைக்குப் பற்றிக்கொள்ளும் வலிமை இல்லை, ஒருவர் உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும் என்கிறது ஒரு தரப்பு. இறங்குபவரும் மூழ்கிவிட்டால் இருவரையும் யார் தூக்குவது, கயிற்றின் ஒரு முனை உறுதியான தரையில் கட்டப்பட்டிருக்க வேண்டாமா என்கிறது மறுதரப்பு. இரண்டு அச்சமும் நியாயமே. இறங்கியவர் பற்றியிருந்த கயிறு பரிசுத்த ஆவியே என்பதே இர்விங்கின் விடை.

இதே காலத்தில் ரூ என்னும் ஊரில் ஜான் மக்லியாட் கேம்பல் என்னும் இளம் போதகர், கிறிஸ்து சிலருக்காக மட்டும் அன்றி மனிதர் அனைவருக்காகவும் இறந்தார் எனப் போதித்தார். 1828-இல் இருவரும் சந்தித்து நண்பராயினர். 1831 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை கேம்பலைப் பதவியிலிருந்து நீக்கியது. இர்விங்கின் நூல்களையும் ஆராயுமாறு அதே பேரவை பணித்தது. கேம்பல் கலங்கவில்லை. 25 ஆண்டுகள் சிந்தித்து, 1856-இல் மீட்பைப் பற்றிப் பெருநூல் எழுதினார். கிறிஸ்து நம் பாவத்தைத் தண்டனையாக மட்டும் சுமக்கவில்லை. நம்மில் ஒருவராக நின்று, நம் பாவத்துக்காக இறைவன் முன் நிறைவான துயரத்தோடு அறிக்கையிட்டார் என்பது அந்நூலின் சாரம். 1868-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு இறையியல் அறிஞர் பட்டம் அளித்தது. இர்விங்குக்கோ அத்தகைய நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை.

ஆலயக் கதவு அடைபட்டது

1830-இல் இலண்டன் வட்டாரப் போதகர் மன்றம் அவருடைய நூலைக் கண்டித்தது. அவர் சபை மூப்பர்கள் அப்போது அவர் பக்கமே நின்றனர். வேறொரு காரணமே அவர்களைப் பிரித்தது. மேற்கு ஸ்காட்லாந்தில் சிலர் ஆவியின் ஏவுதலால் அந்நிய பாஷைகளில் பேசுவதாக 1830-இல் செய்தி வந்தது. 1831-இல் இர்விங்கின் சபையிலும் அது தொடங்கியது. அக்டோபரில் பொது வழிபாட்டின் நடுவே குரல்கள் எழுந்தன. கிறிஸ்துவைத் தாங்கிய அதே ஆவி நம்மையும் தாங்கும் என்று போதித்தவர் அவர். அக்குரல்களைத் தடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் ஒருநாளும் அவ்வாறு பேசியதில்லை என்பது இங்கே குறிக்கத்தக்கது.

ஆலய அறங்காவலர்கள் முறையிட்டனர். வழிபாட்டு ஒழுங்கை மீறியவர் என்று 1832 மே 2-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. மே 4-ஆம் நாள் விடியற்காலை வழிபாட்டுக்கு வந்த மக்கள், தங்களுக்காகக் கட்டப்பட்ட ஆலயத்தின் கதவு பூட்டப்பட்டிருக்கக் கண்டனர். கோயில் கதவு அடைபடுவது என்றால் என்ன என்பதை நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுமார் 800 பேர் இர்விங்குடன் வெளியேறினர். முதலில் ஒரு வாடகைக் கூடத்திலும், பின்னர் நியூமன் தெருவிலும் கூடினர்.

அன்னானில் தீர்ப்பு

எஞ்சியிருந்தது குருத்துவம் ஒன்றே. அதனைப் பறிக்கும் உரிமை அதனை அளித்த அன்னான் மன்றத்துக்கே உண்டு. 1833 மார்ச்சு 13-ஆம் நாள் அன்னான் ஆலயத்தில் விசாரணை நடைபெற்றது. சுற்று வட்டாரத்திலிருந்து சுமார் 2,000 பேர் கூடினர். அவர் சிறுவனாக ஓடித் திரிந்த ஊர் அது. அவர் தந்தையின் தோல் குழிகள் இருந்த ஊர் அது. கிறிஸ்துவின் மனித இயல்பு பாவமுள்ளது எனப் போதித்தார் என்பதே குற்றச்சாட்டு. அந்நிய பாஷையைப் பற்றிய பேச்சு அதில் இல்லை.

கிறிஸ்துவைப் பாவி என்று தாம் ஒருநாளும் கூறியதில்லை என்பதை இர்விங் நெடுநேரம் எடுத்துரைத்தார். நம்மைப் போன்ற உடலில் அவர் பாவமற்று வாழ்ந்தார் என்பதே அவரைத் தாம் போற்றுவதற்குக் காரணம் என்றார். மன்றத்தார் ஒருமனதாக அவரைக் குற்றவாளி என்றனர். மாலை இருண்டது. தீர்ப்பு வழங்கும் முன் இறைவேண்டல் செய்ய முற்பட்டபோது, இர்விங்கின் நண்பரான டேவிட் டோ எழுந்து, இவ்விடத்தை விட்டு அகலுங்கள் என்னும் பொருள்படக் குரலெழுப்பி வெளியேறினார். இர்விங்கும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே சென்றார். அவர் இல்லாத அரையிருட்டில் அவருடைய குருத்துவம் நீக்கப்பட்டது. அடுத்து வந்த நாள்களில் அவ்வட்டாரத்தின் திறந்த வெளிகளில் அவர் அருளுரை ஆற்றினார். மக்கள் திரண்டு கேட்டனர்.

இலண்டனுக்குத் திரும்பியவருக்கு இன்னொரு தாழ்வு காத்திருந்தது. அவரால் தோன்றிய புதிய சபையில் இப்போது வேறு சிலர் அப்போஸ்தலர் எனப் பெயர் பெற்றுத் தலைமை தாங்கினர். மறுபடியும் குருத்துவம் பெறும்வரை நற்கருணை முதலிய திருப்பணிகளை ஆற்றலாகாது என்று அவருக்கே அவர்கள் தடை விதித்தனர். பேரவைகளுக்குப் பணியாத அவர் இதற்குப் பணிந்தார். சில நாள்களில் அவர்கள் கையால் புதிதாக அமர்த்தப்பெற்று, தாம் தொடங்கிய சபையிலேயே ஆணைக்கு அடங்கிய ஊழியராக இருந்தார்.

மறைவும் பின் விளைவும்

காச நோய் அவரை அரித்தது. ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர்கள் கூறியும் கேளாமல், சபையின் ஏவலை ஏற்று 1834 இலையுதிர் காலத்தில் குதிரைமேல் நெடும்பயணம் செய்து கிளாஸ்கோவை அடைந்தார். இளமையில் நெசவாளர் வீடுகளில் நுழைந்து திரிந்த அதே நகரம். படுக்கையில் விழுந்தவர் எழவில்லை. இறுதி நாள்களில் எபிரெய மொழியில் சங்கீதம் ஒன்றை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அருகில் மாமனார் அதனைத் தொடர்ந்தார். 1834 டிசம்பர் 7-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் உயிர் பிரிந்தது. அவரை விலக்கிய திருச்சபையின் குருமாரும் இறுதி ஊர்வலத்தில் நடந்தனர். கிளாஸ்கோ பேராலயத்தின் நிலவறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். நண்பர் கார்லைல் 1835-இல் அவரைப் பற்றி உருக்கமான கட்டுரை எழுதினார். அவருடைய நூற்றாண்டான 1892-இல் அன்னானில் அவருக்குச் சிலை எழுப்பினர்.

அவர் கருத்து அவருடன் புதைக்கப்படவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பேரிறையியலாளர் கார்ல் பார்ட், வீழ்ந்த மனித இயல்பையே இறைமகன் எடுத்துக்கொண்டார் எனக் கற்பித்தபோது, முன்னோடிகளுள் ஒருவராக இர்விங்கைக் குறித்தார். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பேரறிஞர் டி. எஃப். டாரன்ஸும் அவ்வழியே சிந்தித்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. இரு தரப்பிலும் அறிஞர்கள் உளர்.

முடிவுரை

இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது யாது? இர்விங் சாதியைப் பற்றிப் பேசியவர் அல்லர். நம் நாட்டு நிலையை எண்ணி எழுதியவரும் அல்லர். அவர் வாயில் நம் சொற்களைத் திணிப்பது நேர்மையன்று. ஆயினும் அவர் கருத்தின் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. அரசனின் உடலும் நெசவாளனின் உடலும் குருவின் உடலும் ஒரே மண். பிறப்பினால் தூய உடல் என்று ஒன்று உலகில் இல்லவே இல்லை. மீட்பரே அப்படியொரு தனி உடலைக் கேட்கவில்லை. தூய்மை என்பது பிறப்பில் கிடைப்பதன்று, வாழ்வில் ஈட்டுவது. பிறப்பால் தூயவர் என்று எவரேனும் நம் முன் நின்றால், அக்கூற்று கிறிஸ்தவனுக்குச் சமயப்படியும் பொய், மற்றவர்க்கு அறிவுப்படியும் பொய்.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். எல்லா உடலும் ஒன்றே என்று ஆலயத்தில் போதித்த இவரே, அரசியலில் பிற சபையினருக்கு உரிமை வழங்குவதை எதிர்த்தார். பதவிகளுக்குச் சமயத் தகுதி விதித்த சட்டங்கள் 1828-இல் நீக்கப்பட்டபோது மன்னருக்கே எழுதி மறுத்தார். 1829-இல் கத்தோலிக்கர் பெற்ற உரிமையும் அவருக்கு ஒப்பவில்லை. மேடைமேல் சமத்துவம், சட்டத்தில் வேற்றுமை என்னும் இந்தப் பிளவை நாம் பின்பற்றலாகாது. நம் நாட்டில் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுவின் தலைவராக இருந்து உருவாக்கிய அச்சட்டத்தின் துணையின்றி, அருளுரை மட்டும் நம்மைப் பள்ளிக்குள் கொண்டுவந்திராது. நல்ல கருத்தும் வேண்டும். அதனைச் சட்டமாக்கும் துணிவும் வேண்டும். அச்சட்டத்தைப் படித்துப் பயன்கொள்ளும் கல்வியும் வேண்டும். அக்கல்விக்காகவே இச்சங்கம் 25 ஆண்டுகள் உழைத்துள்ளது.

குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள் நம் ஊர்களில் இன்னும் உள்ளன. அங்கே வாடும் பிள்ளைகளுக்கு வெளியே நின்று அறிவுரை கூறுவோர் பலர். படித்து உயர்ந்த நம் இளைஞர்கள் உள்ளே சென்று அருகில் அமர்வார்களாக. தோல் பதனிடுபவரின் மகன் நெசவாளர் வீடுகளில் செய்தது அதுவே.